பார்பராவின் குழந்தையும் மேற்குத் தாம்பரத்துக் கமிட்டியும்

1

எதிர்வீட்டில் ஒரு குழந்தை வந்து சேர்ந்திருக்கிறது என்பதை எனக்குச் சொன்னது பால் புட்டிதான். இங்கே இங்கிலாந்தில் பால்காரர் விடியுமுன்பே வாசலில் புட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். எதிர்வீட்டுப் பார்பரா காலையிலேயே அதை எடுத்துவிடுகிறவள். ஒரு மாதமாக அது மத்தியானம் வரை வெளியிலேயே நின்றது. குளிரில் பால் உறைந்து பொங்கி, வெள்ளித்தாள் மூடியைத் தொப்பிபோலத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஊரில் அண்டை வீட்டார்மீது அக்கறை காட்ட அனுமதிக்கப்பட்ட வழி அது ஒன்றுதான்.

கடைசியில் என் கணவர் சாமுவேல் பஸ் ஸ்டாப்பில் பார்பராவின் கணவனைப் பார்த்து விஷயத்தைக் கொண்டுவந்தார். பார்பராவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே பெண் குழந்தை பிறந்துவிட்டதாம். இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததாம். இப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அவன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் ஸ்காட்லாந்துப் பக்கம் இருப்பான்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கங்கிராஜுலேஷன்ஸ் சொன்னேன். அப்புறம் குளிரைப் பத்திப் பேசினோம்."

சாமுவேல் இந்த நாட்டுக்கு நன்றாகப் பழகிவிட்டார்.

ஒரு சாலையைக் கடக்க அந்தச் செய்திக்கு ஒரு மாதம் பிடித்திருந்தது. தாம்பரத்தில், நான் உண்டாகியிருப்பது எனக்கு உறுதியாவதற்கு முன்பே எங்கள் பின் போர்ஷன் புஷ்பத்துக்கு உறுதியாகியிருந்தது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் பெருமைப்பட அவசரப்பட வேண்டாம். அந்த நாட்களில் தெருவே என் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது, கதவைச் சாத்திக்கொள்ளும் ஒரு நாட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ஜெபித்தவள் நான். என் ஜெபங்களில் உடனே கேட்கப்பட்டது அது ஒன்றுதான்.

2

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். சாமுவேலுக்கு ரயில்வேயில் வேலை. கல்யாணமான கையோடு அவரைக் குண்டக்கல்லுக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பஸ்தனாகிவிட்டவனைத் தூர தேசத்துக்கு அனுப்புவதில் அந்த இலாகாவுக்கு ஒரு தனி ருசி. என் அம்மா உயிரோடு இல்லை. மாமியார் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். இந்த நிலைமையில், ஏழாம் மாதம், வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வலி கண்டுவிட்டது.

பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தை பிறந்தது. அதைக் குழந்தை என்று சொல்ல நர்சுகள்கூடக் கொஞ்சம் யோசித்தார்கள். நகம் முழுசாக வளரவில்லை. அழுதால் பூனைக்குட்டி தும்முகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டிக்குக் காத்திருந்தவர்கள் அதிகம். எனவே எங்கள் முறை முடிந்தது.

அனுப்பும்போது ஓர் இளம் டாக்டரம்மா வந்தார். "சூடா வெச்சுக்கோங்க. பாலாடையில கொஞ்சம் கொஞ்சமா பால் குடுங்க. கூட்டம் சேரவே கூடாது. மூச்சு நின்னா உள்ளங்காலைச் சுண்டுங்க."

"நின்னாவா?"

"மறந்துடும்மா. இவ்வளவு சின்னக் குழந்தைங்க சில சமயம் மூச்சு விட மறந்துடும். நாமதான் ஞாபகப்படுத்தணும்."

எழுத்தறிவித்த எனக்கு இப்படி ஒரு பாடம் நடத்த வேண்டிவரும் என்று டிரெயினிங் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

லீவில் வந்திருந்த சாமுவேல், பஞ்சு சுற்றிய குழந்தையைப் பிரம்புக் கூடையில் வைத்து, மின்சார ரயிலில் எங்களைக் கொண்டுவந்தார். சைதாப்பேட்டையில் ஏறிய ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாமே, கோழிக்குஞ்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. அவர் தாம்பரம் வரும்வரை கோழிக்கு வரும் சீக்குகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாமுவேல் பிறப்பைப் பதிவு செய்யப் போனார். அங்கே இருந்த குமாஸ்தா எடையைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "கொஞ்ச நாள் பார்த்துட்டு வாங்க சார். எதுக்கு ரெண்டு தடவை அலையணும்?" அவர் அதை அன்பாகத்தான் சொன்னாராம். சாமுவேல் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் குண்டக்கல்லுக்கு ரயில் ஏறிவிட்டார்; லீவு முடிந்திருந்தது.

3

கூட்டம் சேரவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைப் புஷ்பத்திடம் மட்டும் சொன்னேன். அவள் அதைத் தெரு முழுக்க அக்கறையாகச் சொல்லிவிட்டாள். அப்படி என்னதான் இருக்கிறது, கூட்டமே சேரக் கூடாத அளவுக்கு, என்று பார்க்கத் தெருவே வந்துவிட்டது.

வந்தவர்கள் யாரும் சும்மா வரவில்லை. ஒருவர் வசம்பு கொண்டுவந்தார். ஒருவர் அம்மன் கோயில் விபூதி கொண்டுவந்தார். சபையிலிருந்து வந்தவர் ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்தார். ஒன்றுமே கொண்டுவராதவர்கள், இப்படிப் பிறந்து தங்காமல் போன குழந்தைகளின் கதைகளைக் கொண்டுவந்தார்கள். நான் அழுதால், "அழாதே, பால் வத்திடும்" என்றார்கள். அழாவிட்டால், "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்றார்கள்.

வாசற்படியைத் தாண்டாதவர் ஒருவர் மட்டுமே. வீட்டுக்காரர் தனலட்சுமி அம்மாள். அவர்கள் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நெல் விளைந்த நிலத்தில் மனைக்கல் விளைய ஆரம்பித்ததும், கணவர் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்துவிட்டார். தனலட்சுமி அம்மாளுக்குப் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. ஆகையால் பச்சைக் குழந்தை இருக்கும் அறைக்குள் அவர் வரக்கூடாது என்று தெரு தீர்மானித்திருந்தது. இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டங்களில் அது ஒன்று. தினமும் கரி அடுப்பும், சூடு பண்ணித் துணி சுற்றிய செங்கல்லும் கொண்டுவந்து படிக்கு வெளியே வைப்பார். "பாப்பா பால் குடிச்சுதா?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

இந்தச் சந்தைக்கு நடுவில் ஒருநாள் எங்கள் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். குழந்தை என்றால் அவருக்கு ஆறு வயதில் சிலேட்டோடு ஆரம்பிக்கும் ஜீவன். அதற்கு முன் அது எங்கே இருந்தது என்பதில் அவர் ஆர்வம் காட்டியதில்லை. அறைக்குள் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய வாங்க. வரிசையா."

வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

பிறகு வேலைகளைப் பிரித்தார். துணி துவைக்கச் சிலர். எனக்குச் சோறு ஆக்கச் சிலர். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பார்க்க, சளி இருமல் இல்லாதவர்கள் மாத்திரம், ஒரு சமயத்தில் ஒரே ஆள். கை கழுவிவிட்டு அவரிடம் நீட்டிக் காட்டிய பிறகே உள்ளே போக வேண்டும். கதை சொல்ல வந்தவர்களுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் வேலை. அதோடு கதைகள் நின்றன.

"விபூதியாவது வெச்சுட்டுப் போறேன் டீச்சர்" என்றார் ஒருவர்.

"மூக்குல போயிடும். வேணாம்."

சபைக்காரர் தம் எண்ணெயோடு புன்னகை செய்தார்.

"அதுவும் வேணாம். கடவுளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் வாசலுக்கு வெளிய நின்னு சொல்லுங்க. அவருக்குக் காது கேக்கும்."

எனக்கு எஸ்தர் டீச்சரைப் பிடிக்காது. வகுப்புக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்கிறவர் அவர். அவர் வந்த அன்று மத்தியானம்தான், பிள்ளை பிறந்ததற்குப் பிறகு முதல் தடவையாக, நான் அசந்து தூங்கினேன்.

4

மழைக்காலம் வந்தது. தாம்பரத்தில் மழை பெய்தால் ஏரி எது, தெரு எது என்று இரண்டுக்குமே சந்தேகம் வந்துவிடும். சானடோரியம் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு ஜுரம். ஒரு ஓரத்தில் சுருண்டு கிடந்தேன். அன்று மத்தியானம் குழந்தையின் பக்கத்தில் புஷ்பத்தின் முறை.

புஷ்பம் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. உள்ளே உட்காரும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று எஸ்தர் டீச்சர் அவளுக்குத் தனியாக உத்தரவு போட்டிருந்தார். வாய்க்கு வேலையில்லாததால் அவள் குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"யக்கா. பாப்பா சும்மா கீது" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அந்தக் குரல் எப்படியோ என் ஜுரத்துக்குள் வந்து என்னை எழுப்பிவிட்டது. குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. புஷ்பம் உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை கொஞ்சம் பலமாகச் சுண்டினாள். குழந்தை ஒரு விக்கல் விக்கி, மூச்சை இழுத்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குள் மறுபடியும் மறந்துவிட்டது.

மழைக்குப் பள்ளி விடுமுறை விட்டிருந்ததால் வாசலில் காவல் இருந்த எஸ்தர் டீச்சர் மழையோடு மழையாக இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அரிசி மண்டி வண்டியில் ஒரு டாக்டரை உட்காரவைத்துக் கூட்டிவந்தார். பாவம், அவர் பல்லாவரத்துக்கு வீட்டுக்குப் போக ரயிலுக்காக ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தவர். கேட்டுக் கூட்டிவந்தாரா, பிடித்துக் கூட்டிவந்தாரா என்று இன்றுவரை தெரியாது. டாக்டர் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுனு இருக்கே. சுவரெல்லாம் ஓதம். செங்கல் சூடு பத்தாது. இந்த மழையில பட்டணத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனா வழியிலயே போயிடும். மனுஷ உடம்புச் சூடு வேணும். யாராவது துணியை விலக்கி நெஞ்சோட வெச்சு அணைச்சுக்கணும். உடனே."

நான் கை நீட்டினேன். "உங்களுக்கு ஜுரம் அடிக்குது. நடுங்குறீங்க. வேணாம்" என்றார். புஷ்பத்தைப் பார்த்தார். பயத்தில் அவளும் உதறிக்கொண்டிருந்தாள். எஸ்தர் டீச்சரின் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உலர்ந்த துணியோடு அங்கே இருந்தவர் ஒரே ஒருவர்தான். கரி அடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கு வெளியே நின்றிருந்தார்.

"உள்ள வாங்க" என்றார் எஸ்தர் டீச்சர்.

தனலட்சுமி அம்மாள் நகரவில்லை. "நான் வேணாம் டீச்சர். என் கை ராசியில்ல. வேற யாரையாவது கூப்பிடுங்க."

"வேற யார் இருக்கா?"

"வேணாம்மா. எதுனா ஆயிட்டா..." என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுப்பைக் கீழே வைத்தார். படியைத் தாண்டினார். கை கழுவினார்; அந்த நிலைமையிலும் எஸ்தர் டீச்சரிடம் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ரவிக்கையை அவிழ்த்தார். டாக்டர் சட்டென்று திரும்பி, மிச்ச யோசனைகளையெல்லாம் சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குச் சொன்னார். புஷ்பம் குழந்தையை எடுத்து அந்தப் பெரிய மார்புகளுக்கு நடுவில் வைத்தாள். மேலே புடவை, அதற்கு மேலே கம்பளி. குழந்தை இருப்பதே தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு நினைவில்லை. கண்ணை மூடவில்லை. அசையவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும் மிகச் சின்னக் குரலில், "உதைக்குது" என்றார். மறுபடியும், யாரோ நம்பமாட்டார்கள் என்பதுபோல, "டீச்சர், உதைக்குது" என்றார். எஸ்தர் டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலை நனைந்திருந்ததால் அதில் யாரும் குறை காணவில்லை.

மழை விட்டது. ரயில் ஓடியது. எங்கள் குழந்தை அதற்கப்புறமும் பல வாரங்கள் கூடைக்குத் திரும்பவில்லை. முறைபோட்டு நெஞ்சோடு நெஞ்சாக வளர்ந்தது. பெரும்பாலான முறைகளைத் தனலட்சுமி அம்மாளே எடுத்துக்கொண்டார். அவருக்கு எதிராகத் தெரு போட்டிருந்த சட்டத்தைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு சட்டம் இருந்ததாகவே யாருக்கும் ஞாபகமில்லை. எங்கள் தெருவுக்கு அந்த விஷயத்தில் அபார மறதி.

கொஞ்சம் தேறியதும் குழந்தையை அரிசி மண்டித் தராசில் வாரா வாரம் நிறுத்தார்கள். கடைத்தெருவே கூடி, முள் எங்கே நிற்கும் என்று பந்தயம் வைத்தது. ஞானஸ்நானத்தின்போது ஷீலா தனம் என்று பெயர் வைத்தேன். தனம் என்பது கிறிஸ்தவப் பெயர்தானா என்று சபையில் ஒருவர் சந்தேகம் கேட்டார். எஸ்தர் டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தம் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

5

அந்த ஷீலாவுக்கு இப்போது எட்டு வயது. இங்கிலாந்துக்காரியாக வெற்றிகரமாக முன்னேறிவருகிறாள். நான் தெருவில் யாரையாவது பார்த்துச் சிரித்தால், "டோன்ட், மம்மி" என்று புடவையை இழுப்பாள். பள்ளியில் அவள் பெயரிலுள்ள தனத்தை 'டேனம்' என்கிறார்கள். வீட்டில் நான் சரியாகச் சொன்னால் திருத்துகிறாள். இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். கடைசியில், "பட் மம்மி, உங்களுக்குப் பிரைவஸியே இல்லையா?" என்றாள். அந்த வார்த்தைக்குத் தமிழில் என்ன என்று யோசித்தேன். கிடைக்கவில்லை. தாம்பரத்தில் அதற்குத் தேவை ஏற்பட்டிருக்காது.

பார்பராவின் குழந்தைக்கு யாராவது வருகிறார்களா என்று விசாரிக்க, இங்கே அதற்கென்று இருக்கும் ஆபீசுக்குப் போன் செய்தேன். நீங்கள் உறவா என்று கேட்டார்கள். இல்லை. அவர் உதவி கேட்டாரா? இல்லை. அப்படியானால் கவலைப்பட வேண்டாம், பச்சைக் குழந்தைகளை வீடு தேடிப் பார்க்கும் நர்ஸ், எங்கள் ஹெல்த் விசிட்டர், வியாழக்கிழமை போவார் என்றார்கள். குரலில் அத்தனை மரியாதை. அன்று திங்கட்கிழமை.

அதோடு நிலக்கரித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். கரி இல்லாமல் பேட்டை பேட்டையாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கள் அண்டை அயலார், உலகத்தில் முதன்முதலாக இருட்டு தங்களுக்குத்தான் வந்தது என்பதுபோல நடந்துகொண்டார்கள். அன்று சாயங்காலம் எங்கள் தெரு அணைந்தது. பார்பராவின் வீட்டில் இருப்பது மின்சார ஹீட்டர் என்று எனக்குத் தெரியும். திரை இடுக்கின் பயன்கள் பல.

மண்ணெண்ணெய் ஹீட்டரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, ஷீலாவையும் இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். "நம்மளைக் கூப்பிடவே இல்லையே மம்மி" என்று வழியெல்லாம் முனகினாள். கதவைத் தட்டினேன். பார்பரா ஓவர்கோட்டோடு வந்து நின்றாள். வழியில் ஒத்திகை பார்த்த ஆங்கிலமெல்லாம் ஓடிவிட்டது. குழந்தைக்குத் துணையாக உட்கார வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்து, "உன் குழந்தையின்மேல் உட்கார வந்திருக்கிறேன்" என்று அர்த்தம் வரும்படி சொல்லிவிட்டேன்.

ஷீலா தலையில் கை வைத்துக்கொண்டு திருத்தினாள். பார்பரா சிரிக்கவில்லை. கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

குழந்தை தொட்டிலில் கம்பளிகளுக்கு நடுவில் கிடந்தது. தொட்டேன். எனக்குத் தெரிந்த சில்லிப்பு.

"எடுத்து அணைத்துக்கொள்" என்றேன்.

"எனக்குத் தெரியவில்லை" என்றாள் பார்பரா. "அங்கே கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். தொடாதே, கிருமி என்றார்கள். இப்போது திடீரென்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பால் கொடுக்கும் நேரம் தவிர எடுக்கவே பயமாக இருக்கிறது. நான் எடுத்து ஏதாவது ஆகிவிட்டால்?"

அவளுடைய கோட்டின் பொத்தான்களைக் கழற்றினேன். இந்த நாட்டில் இதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. குழந்தையை அவள் நெஞ்சோடு வைத்து, மேலே கோட்டை மூடி, என் சால்வையைச் சுற்றினேன். ஷீலாவை மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னேன். பார்பரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய தோள்கள் குலுங்கின. ஷீலா என்னைப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே போய் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மிஸஸ் ஹார்ப்பர் சுடுநீர்ப் பையோடு பார்பராவின் வீட்டுக்கு வந்தார். எங்கள் மீன்குழம்பு வாசனையைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் செய்தவர் அவர்தான். தானும் ஒரு மாதமாக அந்தப் பால் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், தொந்தரவு செய்யக் கூடாதே என்று இருந்துவிட்டதாகவும் சொன்னார். அடுத்த வீட்டுக்காரியும் அப்படித்தானாம். தெரு முழுக்கத் திரைகளுக்குப் பின்னால் நின்று நாகரிகமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கை கழுவிவிட்டு நீட்டிக் காட்டச் சொன்னேன். மிஸஸ் ஹார்ப்பர் காட்டினார்.

வியாழக்கிழமை, சொன்னபடி, ஹெல்த் விசிட்டர் வந்தார். கறுப்புப் பை, இறுக்கமான தொப்பி. சமையலறையில் மிஸஸ் ஹார்ப்பர் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரி பார்பராவின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்த் விசிட்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இவ்வளவு சிறிய குழந்தை இருக்கும் வீட்டில் விசிட்டர்கள் கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருப்பார்களே" என்றார் பார்பராவிடம்.

பார்பரா அதிகம் பேசாதவள். குழந்தையைக் கோட்டுக்குள் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"இவர்கள் விசிட்டர்கள் இல்லை. விசிட்டர் என்று உங்கள் பேட்ஜில்தான் எழுதியிருக்கிறது."

மிஸஸ் ஹார்ப்பர் அலசுவதை நிறுத்தினார். ஹெல்த் விசிட்டர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கை கழுவ வெந்நீர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.